சுற்றைக் கூட்டுவதா, வேகத்தைக் கூட்டுவதா: வெல்லாவெளி வாடிக்கு ஒரு காற்றாடிக் கணக்கு

மருமகன் மண்டூரில் பாதை (மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் மிதவை) ஏறி, குருமண்வெளியில் இறங்கி, காலை எட்டு மணிக்கெல்லாம் களுவாஞ்சிகுடியில் என் வாசலில் நின்றான். கையில் ஒரு சோற்றுப் பெட்டி. திறந்தால் உள்ளே சோறு இல்லை, 16 நியோடிமியம் காந்தங்கள். ஒவ்வொன்றும் 40 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் தடிப்பு. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பழைய ரப்பர் செருப்பை வெட்டி இடையிடையே செருகியிருந்தான். பார்ப்போமே என்று ஒன்றை எடுத்தேன். மேசையில் கிடந்த ஸ்குரூ டிரைவர் தானாக எழுந்து வந்து என் விரலை நசுக்கியது.

"மாமா, கொயில்ல சுத்தைக் கூட்டினா கரண்ட் கூடும்தானே? ஒரு கொயிலுக்கு 160 சுத்துப் போடுவமா?"

"போடலாம் மகன். மறுகா அது எரியும்."

அவனுடைய வயல் வெல்லாவெளிப் பக்கம். கதிர் முற்றும் காலத்தில் யானை இறங்கும், அதனால் வாடியில், அதாவது வயல் குடிலில், இரவுக் காவல் இல்லாமல் முடியாது. 100 வாட் சோலார் பெனல் ஒன்று ஏற்கெனவே கூரையில் இருக்கிறது. வெயில் காலத்தில் அதில் குறையில்லை. மார்கழி மாரியில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் வானம் மூடினால்தான் 12 வோல்ட் பட்டரி படுத்துவிடுகிறது. தேவை என்று பார்த்தால் 10 வாட் எல்.ஈ.டி விளக்கு இரண்டு, போன் சார்ஜ், ஒரு ரேடியோ, அவ்வளவுதான். வயல் வெளியில் காற்றுக்குப் பஞ்சமில்லை. மாரிக்கு வாடை, சிறுபோகத்தில் கச்சான். ஆகவே ஒரு சின்னக் காற்றாடி. இன்னொரு பெனல் வாங்குவதுதான் மலிவும் சுலபமும் என்று நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் காந்தம் வாங்கிவிட்டவனிடம் பெனலைப் பற்றிப் பேசி என்ன பயன்?

கணக்குக்குப் போகும் முன் ஒரு சொல் தகராறு. கம்பியைக் கொயிலில் சுற்றுவதும் சுற்று, தண்டு சுழல்வதும் சுற்று. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால், "சுத்தைக் கூட்டு" என்று ஒருவர் சொல்ல மற்றவர் வேறொன்றைக் கூட்டிவிட்டு வருவது வழக்கம். இங்கே கம்பிக்கு மட்டும் 'சுற்று' என்கிறேன். தண்டு ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை சுழல்கிறதோ அதை 'வேகம்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொயிலுக்குள் ஊடுருவும் காந்தப்பாயம் மாறினால் கம்பியின் முனைகளில் மின்னழுத்தம் பிறக்கும். 1831 இல் மைக்கேல் பரடே கண்டது இது. எவ்வளவு வோல்ட் கிடைக்கும் என்பதைக் காந்தத்தின் பலம், கம்பிச் சுற்றின் எண்ணிக்கை, காந்தம் கடந்து போகும் வேகம் ஆகிய மூன்றையும் பெருக்கித்தான் சொல்ல முடியும். காந்தம் சோற்றுப் பெட்டிக்குள் வந்தாயிற்று. மிச்சம் இரண்டு. 80 சுற்றும் 400 வேகமும் தருகிற வோல்ட்டை 160 சுற்றும் 200 வேகமும் தரும். சும்மா மீட்டரை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. பெரும்பாலானவர்கள் கணக்கை இந்த இடத்திலேயே மூடிவைத்துவிடுகிறார்கள். சுற்றைக் கூட்டக் கொஞ்சம் கம்பி போதும், வேகத்தைக் கூட்டக் கப்பி, பெல்ட், பெயரிங் என்று அலைய வேண்டும். பிறகு யார்தான் சுற்றைத் தெரிவு செய்யமாட்டார்கள்?

ஆனால் கொயில் உட்காரும் இடம் வளராது. அதே இடத்துக்குள் இரண்டு மடங்கு சுற்றை அடக்க வேண்டுமென்றால் கம்பியின் குறுக்குவெட்டுப் பாதியாக வேண்டும். நீளம் இரண்டு மடங்கு, பருமன் பாதி, ஆக தடை நான்கு மடங்கு. வோல்ட் இரண்டு மடங்குதான். ஒரு கொயிலிலிருந்து உறிஞ்சக்கூடிய வலு, வோல்ட்டின் வர்க்கத்தைத் தடையால் வகுத்த அளவைப் பொறுத்தது. மேலே நாலு, கீழே நாலு. ஒன்றும் கூடவில்லை. ஆயிரம் ரூபாய்த் தாளைக் கொடுத்துப் பத்து நூறாக மாற்றி வாங்கியது போலத்தான். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் கதை வேறு. வோல்ட் இரண்டு மடங்காகும், தடை இருந்த இடத்திலேயே இருக்கும். மேலே நாலு, கீழே ஒன்று.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதாகச் சொன்னால் பொய். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்த நேரம், வேலை இல்லாமல் இருந்த கை சும்மா இருக்கவில்லை. இதே அளவுக் காந்தம், தட்டுக்கு எட்டாக இரண்டு இரும்புத் தட்டுகள், நடுவில் ஆறு கொயில். இரண்டிரண்டு கொயிலாகச் சேர்த்து மூன்று கட்டம் (பேஸ்). 0.7 மில்லிமீட்டர் எனாமல் கம்பியில் கொயிலுக்கு 160 சுற்றுப் போட்டேன். படகு ஒட்டுகிற பைபர் ரெசினில் வார்த்து எடுத்தேன். லேத்தில் மாட்டி 400 வேகத்தில் சுழற்றியபோது, திசை மாறி மாறி வரும் மின்னை ஒரே திசையாக்கும் டயோட்டுக்குப் பிறகு 56 வோல்ட் காட்டியது. அந்த மீட்டரைப் போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பியதும் நான்தான்.

பட்டரியைக் கொடுத்தேன். 6 அம்பியர் ஏறியது. ஐந்தாறு நிமிடத்தில் ஒரு மணம். மீன் பொரிக்கும் மணமும் இல்லை, வயர் எரியும் மணமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். வெள்ளையாக இருந்த ரெசின் கொயில் இருந்த இடங்களில் தேன் நிறமாக மாறி, மெல்ல வீங்கி, சுழலும் காந்தத்தில் உரசி 'கிறீச்' என்றது. நிறுத்திப் பார்த்தால் வார்ப்பில் காந்தம் கோடு கிழித்திருந்தது.

பிறகு 1 மில்லிமீட்டர் கம்பியில் 80 சுற்றுப் போட்டு மறுபடி வார்த்தேன். அதே லேத், அதே 400 வேகம். சும்மா சுழலும்போது 28 வோல்ட்தான். பட்டரியைக் கொடுத்தால் 8 அம்பியர்! கணக்கைப் பாருங்கள். 80 சுற்றில் இரண்டு கட்டத்தின் வழியாக மின் ஓடும் பாதையின் தடை ஏறத்தாழ 1.7 ஓம், 160 சுற்றில் 6.9 ஓம். பட்டரிக்கும் டயோட்டுக்கும் 14 வோல்ட் போக, மிச்ச வோல்ட்டைத் தடையால் வகுத்தால் ஒன்றில் 8, மற்றதில் 6. கொயிலுக்குள் வீணாகும் சூடு 80 சுற்றில் 115 வாட் அளவு, 160 சுற்றில் 250 வாட்டைத் தாண்டுகிறது. குறைவாகக் கொடுத்து, இரண்டு மடங்குக்கு மேல் சூடாகிறது. மருமகன் கேட்ட அதே 160.

சரி, அப்படியானால் வேகத்தைக் கூட்டிவிடுவோம் என்று ஒரு வழி. பழைய இரும்புக் கடையில் கார் அல்டனேட்டர், அதாவது காரின் பட்டரியைச் சார்ஜ் செய்யும் சாமான், கிடைக்கும். திறந்து பார்த்தால் தடித்த கம்பி, சொற்பச் சுற்று, முழுக்க வேகத்தை நம்பிச் செய்த சாமான். வீட்டில் லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) இருக்கிறவருக்கு இதைவிட நல்லது இல்லை என்பேன். அந்த டீசல் எஞ்சின் 2000 வேகத்துக்கு மேல் சுலபமாக ஓடும். ஒன்றுக்கு ஒன்று கப்பி போட்டாலே அல்டனேட்டர் சுறுசுறுப்பாகச் சார்ஜ் கொடுக்கும். உள்ளேயே ரெகுலேட்டர் இருப்பதால் வோல்ட் 14 ஐ ஒட்டி நிற்கும். கொயிலைத் தொடவே தேவையில்லை. குறை, டீசல் செலவும் இரைச்சலும். யானை வருகிற சத்தத்தைக் கேட்கப் பரணில் இருக்கிறவனுக்கு அது சின்னக் குறை இல்லை.

அதே அல்டனேட்டரைக் காற்றாடியில் மாட்டுவதுதான் பலரும் செய்கிற பிழை. 2 மீட்டர் விட்டமுள்ள இறக்கையை எடுத்துக்கொள்வோம். செக்கனுக்கு 3.5 மீட்டர் காற்று என்றால் இலை அசையும், புழுதி இன்னும் எழும்பாது. நல்ல இறக்கையின் நுனி காற்றைப் போல் ஆறு மடங்கு வேகத்தில், அதாவது செக்கனுக்கு 21 மீட்டர் ஓடும். வட்டத்தின் சுற்றளவு 6.28 மீட்டர். வகுத்தால் நிமிடத்துக்கு 200. அல்டனேட்டருக்கோ சார்ஜ் தொடங்கவே ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு வேகம் வேண்டும். ஆறேழு மடங்கு கப்பி போட வேண்டும். போடலாம். ஆனால் அந்தக் காற்றிலிருந்து அந்த இறக்கை பிடிக்கும் வலு 24, 25 வாட்தான். பெல்ட் தன் பங்கை எடுக்கும். அதற்கும் மேல் ஒரு செலவு இருக்கிறது. கார் அல்டனேட்டரில் நிரந்தரக் காந்தம் கிடையாது, ரோட்டர் கொயிலுக்கு மின் கொடுத்துத்தான் காந்தமாக்க வேண்டும். அது 3, 4 அம்பியர் இழுக்கும். 12 வோல்ட்டில் 40 வாட் அளவு. வரவு 25, செலவு 40. இரவு முழுக்க இந்தக் காற்றாடி பட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும்.

அல்டனேட்டரையே மெல்லிய கம்பியில் திருப்பிச் சுற்றித் தரும் வைண்டிங் கடைகள் உண்டு. மூன்று மடங்கு சுற்றுப் போட்டால் சார்ஜ் தொடங்கும் வேகம் மூன்றிலொன்றாகக் குறையும், உச்ச அம்பியரும் ஏறத்தாழ மூன்றிலொன்றாகும். அது பரவாயில்லை, காற்றாடியிலிருந்து 60 அம்பியர் யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த 40 வாட் தீனி அப்படியே இருக்கிறது. அதனால் இந்த நடுவழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

"அப்ப இறக்கையைச் சின்னனாக்கினா வேகம் கூடுமே மாமா?" என்றான். நல்ல கேள்வி. ஒரு மீட்டர் இறக்கை அதே காற்றில் 400 வேகத்தில் சுழலும், உண்மை. பரப்போ காலாகிவிடும். 24 வாட் 6 வாட்டாகும். எஞ்சினில் ஆக்சிலேட்டரைத் திருகினால் வேகமும் வலுவும் சேர்ந்து வரும். காற்று அப்படித் தராது, வேகம் வேண்டுமென்றால் வலுவைக் கழித்துக்கொண்டுதான் தரும். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான், எஞ்சினுக்குச் சரியான விடையைக் காற்றாடிக்கும் போட்டுக் கெடுக்கிறோம்.

வேகத்தை நம்பிய சாமானுக்கு அருமையான எடுத்துக்காட்டு சைக்கிள் டைனமோதான். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மின்சாரம் இல்லாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுழற்றி ரேடியோவில் செய்தி கேட்டவர்களுக்கு அதன் குணம் தெரியும். 22 மில்லிமீட்டர் உருளை டயரில் உரசுகிறது. சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டர் போனால் உருளை 3600 வேகத்தில் சுழலும். அவ்வளவு வேகம் இருப்பதால்தான் கைக்குள் அடங்கும் சாமான் 6 வோல்ட்டில் 3 வாட் தருகிறது. இன்னும் வேகமாக மிதித்தால் பல்ப் எரிந்துபோகாதா என்று கேட்பார்கள். வேகம் கூடக் கூட மின் திசை மாறும் விரைவும் கூடும். கொயில் தன் மின்தூண்டலால் அதை அதே அளவுக்கு எதிர்க்கும். ஆகவே அம்பியர் அரையை ஒட்டியே நின்றுவிடும். இறக்கத்தில் வேகமாகப் போனாலும் விளக்குப் பிழைக்கும். நம்ம ஊரில் இறக்கம் என்று சொல்லக் கல்லடிப் பாலம்தான் இருக்கிறது, அது வேறு விஷயம். வாடிக்கு இது காணாது. மூன்று வாட்டுக்கு இரவெல்லாம் மிதிக்க ஆள் வேண்டும்.

230 வோல்ட் வேண்டும், மோட்டர் ஓட்ட வேண்டும் என்கிறவர்களுக்கு இந்தத் தெரிவே கிடையாது. நம் நாட்டில் 50 ஹேர்ட்ஸ், அதாவது மின் செக்கனுக்கு 50 தடவை போய்த் திரும்பும். அதை நிர்ணயிப்பது முனைவுகளின் (காந்தத்தின் வட, தென் முனைகளின்) எண்ணிக்கையும் வேகமும் மட்டும். இரண்டு முனைவு என்றால் 3000 வேகம், நான்கு என்றால் 1500, ஆறு என்றால் 1000. கொயிலில் எத்தனை சுற்றுப் போட்டாலும் ஹேர்ட்ஸ் அசையாது. எஞ்சின் தளர்ந்து 1350 க்கு இறங்கிய ஜெனரேட்டரில் வோல்ட் குறைகிறது என்று சுற்றைக் கூட்டி வாங்கி வந்தார் எனக்குத் தெரிந்த ஒருவர். வோல்ட் 230 ஆனது. ஹேர்ட்ஸ் 45 லேயே நின்றது. தண்ணீர் மோட்டர் உறுமிச் சூடானது. குறை எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரில் இருந்தது, காசு கம்பிக்குப் போனது. மெதுவாகச் சுழலும் பெரிய நீர்மின் பொறிகளிலும் இதே விதிதான். சேனநாயக்க சமுத்திரத்துத் தண்ணீரில் ஓடும் இங்கினியாகல நிலையம் 11 மெகாவாட் தரமானது. அப்படிப்பட்ட இடங்களில் டர்பைனை 3000 க்கு விரட்டுவதில்லை, முனைவைக் கூட்டுவார்கள். 300 வேகம் என்றால் 20 முனைவு.

மருமகனின் சோற்றுப் பெட்டியும் அந்த வழிதான். தட்டுக்கு எட்டு முனைவு, மெதுவான ஓட்டம், பெல்ட் இல்லை, கப்பி இல்லை, இறக்கை நேராகத் தட்டில். காந்தத்தை உருவாக்க மின் செலவில்லை. பழைய மின்சார ஸ்கூட்டரின் சில்லு மோட்டர் கிடைத்தாலும் எடுக்கலாம், அதுவும் பல முனைவுள்ள மெதுவான சாதிதான். ஆனால் உள்ளே இரும்பு இருப்பதால் காந்தம் பல்லுப் பல்லாகப் பிடிக்கும், சின்னக் காற்றில் இறக்கை கிளம்பச் சுணங்கும். அதனால் நான் சொன்னது: கையால் வார்க்கும் தட்டு, 200 வேகத்தில் சார்ஜ் தொடங்குகிற அளவுக்கு மட்டும் சுற்று. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

அந்த 'அளவு' எவ்வளவு? காந்தப்பாயம், பரப்பு என்று தாளில் கணக்குப் போட்டால் 64 வரும். தாளை நம்பாதீர்கள். கொயில் பரந்து கிடப்பதால் எல்லாச் சுற்றுக்கும் முழுக் காந்தமும் கிடைப்பதில்லை. அன்று காலை நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். கையில் கிடைத்த கம்பியில் 20 சுற்றுக் கொயில் ஒன்றைச் சுற்றி, பலகையில் ஒட்டி, இரண்டு தட்டுக்கும் நடுவில் நிறுத்தினோம். தட்டை லேத்தில் 500 வேகத்தில் ஓடவிட்டு மல்டிமீட்டரை ஏசியில் வைத்தோம். 1.8 வோல்ட். 20 ஆல் வகுத்து 500 ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்கு, ஒரு வேகத்துக்கு 0.00018 வோல்ட். 200 வேகத்தில் ஒரு சுற்றுக்கு 0.036.

இனித் தேவை. பட்டரி 12.6, டயோட் இரண்டுக்கும் 1.4, கூட்டினால் 14. அது உச்ச வோல்ட், ஏசியில் மீட்டர் காட்டுவது அதைவிடக் குறைவு. 1.414 ஆல் வகுத்தால் 9.9. மூன்று கட்டத்தின் ஒரு முனையையும் ஒன்றாக முடிகிற நட்சத்திர இணைப்பு என்பதால் 1.732 ஆல் வகுத்தால் ஒரு கட்டத்துக்கு 5.7. கட்டத்துக்கு இரண்டு கொயில், ஒன்றுக்கு 2.85. அதை 0.036 ஆல் வகுத்தால் 79. "80 போட்டாக் காணும்" என்றேன். கம்பி அதே 1 மில்லிமீட்டர்.

சுற்றைக் கூட்டிவிட்டால் வேறொன்றும் நடக்கும், லேத்தில் இது தெரியாது. 160 சுற்று 100 வேகத்திலேயே சார்ஜ் தொடங்கும், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் இறக்கை இன்னும் காற்றைச் சரியாகப் பிடித்திருக்காது. அதற்குள் பாரம் ஏறினால் திணறி அந்த மெதுவான ஓட்டத்திலேயே கிடக்கும், கச்சான் உரத்து வீசினாலும் எழும்பாது. குறைத்துப் போட்டாலோ அரைவாசி இரவு சும்மா சுழலும். இருபக்கமும் இடறும் இடைவெளி சிறியது என்பதால்தான் 20 சுற்றுச் சோதனைக்கு ஒரு காலையைக் கொடுக்கச் சொல்கிறேன்.

ஆறு கொயில், பன்னிரண்டு முனை. எல்லாவற்றையும் வார்ப்புக்கு வெளியே எடுத்துவிடு, உள்ளே முடிச்சுப் போடாதே என்றேன். நட்சத்திரத்தில் 200 இல் தொடங்குவதை, ஒரு கட்டத்தின் முனையை அடுத்ததன் முனையில் கோர்த்து முக்கோணமாக மாற்றினால் 350 அளவில் தொடங்கும், பலத்த காற்றில் கூடுதல் அம்பியர் தரும். முதல் போகம் நட்சத்திரத்தில் ஓடட்டும், பிறகு பார்க்கலாம். சோலாருக்கு வாங்கிய சார்ஜ் கொன்ட்ரோலரில் இதைக் கொண்டுபோய்ச் செருகாதே என்றும் சொன்னேன். பட்டரி நிறைந்ததும் அது பாரத்தைக் கழற்றிவிடும். பெனலுக்கு அது சரி, இறக்கை கட்டறுந்த மாடு மாதிரி ஓடும். மிச்ச மின்னை எரித்துத் தள்ள ஒரு ஹீட்டர் கம்பியும், மூன்று வயரையும் ஒன்றாகச் சேர்த்துத் தண்டை நிறுத்த ஒரு சுவிட்சும் வேண்டும்.

"வேலிக்கும் கொஞ்சம் கரண்ட் குடுக்கலாமே?" என்று இழுத்தான். அது மட்டும் வேண்டாம் என்று கோபமாகவே சொன்னேன். யானைக்கு முன் அதில் விழப்போவது வயலுக்கு வருகிற மனிதன்.

மத்தியானம் சோறு தின்றுவிட்டுக் கிளம்பினான். ஒன்றரைக் கிலோ கம்பியையும் அந்த 20 சுற்றுக் கொயிலையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன். இறக்கையை மரத்தில் செதுக்குவதா, பி.வி.சி குழாயில் வெட்டுவதா என்பது அடுத்த ஞாயிறுக்கு. பாதையின் தளம் இரும்பு, பெட்டியைக் கீழே வைத்துவிடாதே, மடியிலேயே வைத்திரு என்று படலைவரை போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.